'வந்துச்சு' பிழையா, வழக்கா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. நாம் தினமும் பேசுவது தப்புத் தமிழா, திருத்த வேண்டுமா, விட்டுவிடலாமா? சிலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், சிலர் வருத்தமாக. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: வீட்டில் நான் 'எல', 'ஒலகம்', 'படிச்சேன்', 'மழை வந்துச்சு' என்று பேசினால் என் மாமனார் உடனே திருத்துகிறார். தமிழாசிரியராக இருந்தவர். பேச்சுத் தமிழே கொச்சைதான், அதற்கு இலக்கணமே கிடையாது என்கிறார். அப்படியா?

உங்கள் மாமனார் மொழி மேல் உள்ள அன்பில்தான் சொல்கிறார், அது புரிகிறது. ஆனால் பேச்சுக்கு இலக்கணம் கிடையாது என்பதை மட்டும் ஏற்க முடியாது. இருக்கிறது, அதுவும் ரொம்பக் கறாராக இருக்கிறது. பள்ளியில் யாரும் சொல்லித்தராததால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன சொற்களையே எடுத்துக்கொள்வோம். இலை 'எல' ஆகிறது, இடம் 'எடம்', உலகம் 'ஒலகம்', குடம் 'கொடம்', முகம் 'மொகம்', புகை 'பொக'. சோம்பேறித்தனத்தில் வாய் போன போக்கில் சொல்கிறோம் என்றால் 'இனி' என்பதும் 'எனி' ஆகியிருக்க வேண்டும், 'குடி' என்பது 'கொடி' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லையே! கிழங்கு 'கெழங்கு' ஆகிறது, கிழி கிழியாகவே நிற்கிறது. வாய்விட்டு நாலைந்து சொற்களைச் சொல்லிப் பாருங்கள், விதி தானாகப் பிடிபடும்: சொல்லின் முதலில் குறில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்து ஒற்று இல்லாமல் நேராக அகரமோ ஐகாரமோ ஏறி வந்தால், இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். நடுவில் ஒற்று இரட்டித்தால் மாறாது. அதனால்தான் குப்பையின் 'கு'வும் கிண்ணத்தின் 'கி'யும் அப்படியே இருக்கின்றன. இதை யாரும் யாருக்கும் கற்பிக்கவில்லை, மூன்று வயதுக் குழந்தை பிசகாமல் செய்கிறது. கன்னடத்திலும் இலைக்கு 'எலெ', குடைக்கு 'கொடெ' என்றுதான் சொல்கிறார்கள், அங்கே எழுதுவதும் அப்படியே. அவர்களுக்கு அது செம்மை, நமக்கு மட்டும் கொச்சையா?

அடுத்தது 'படிச்சேன்'. படித்தேன் 'படிச்சேன்' ஆகிறது, அடித்தான் 'அடிச்சான்', நினைத்தாள் 'நெனச்சா'. ஆனால் எடுத்தான் 'எடுச்சான்' ஆவதில்லை, கொடுத்தாள் 'கொடுச்சா' ஆவதில்லை. முன்னால் இகரமோ ஐகாரமோ இருந்தால்தான் 'த்த' என்பது 'ச்ச' ஆகும், உகரம் இருந்தால் ஆகாது. 'வந்துச்சு'வின் கதையும் இதை ஒட்டியதே. ஆயிற்று, போயிற்று என்பவை 'ஆச்சு', 'போச்சு' என்று ஆயின, அந்த 'ச்சு'வை அஃறிணை இறந்தகாலத்துக்கான விகுதியாக எடுத்துக்கொண்டு பேச்சுத் தமிழ் 'வந்துச்சு', 'இருந்துச்சு' என்று வேறு வினைகளுக்கும் நீட்டிவிட்டது. உள்ளதை வைத்துப் புதியதைக் கட்டிக்கொள்வது மொழிகள் எல்லாம் செய்யும் காரியம்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் உண்டு என்று கண்டு அதைத் தனி நூலாகவே எழுதியவர் வீரமாமுனிவர். கொடுந்தமிழ் என்று அவர் குறிப்பிட்ட அன்றாடத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. வெளியிலிருந்து வந்து மொழியைக் கற்றவருக்கு மக்கள் பேசுவதில் இருந்த ஒழுங்கு தெரிந்தது. உள்ளேயே பிறந்த நமக்குத்தான் தெரியவில்லை.

எழுதும்போது 'படித்தேன்' என்று எழுதுங்கள், அதில் மாமனார் பக்கம்தான் நான். சாப்பிடும்போதும் அப்படிப் பேசச் சொன்னால் மட்டும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: 'சுவற்றில் எழுதாதே' என்பது பிழை, 'சுவரில்' என்பதே சரி என்கிறார்கள். ஏன் எல்லாரும் ஒரே மாதிரி தவறு செய்கிறார்கள்?

ஒரே மாதிரி எல்லாரும் தவறு செய்தால் அதற்குப் பின்னால் கட்டாயம் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடுவது திருத்துவதைவிடச் சுவையானது.

ஊர், தேர், மலர் எல்லாம் ஊரில், தேரில், மலரில் ஆவதுபோல சுவர் என்பது சுவரில் ஆக வேண்டும். கிணறு, வயிறு, ஆறு மாதிரி 'று' என்று முடியும் சொற்கள்தான் கிணற்றில், வயிற்றில், ஆற்றில் என்று இரட்டிக்கும். இதுவரை பள்ளிப் பாடம். இனி பேச்சில் என்ன நடந்தது என்று பாருங்கள். பேச்சில் சுவர் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டு 'செவுரு' ஆயிற்று. ரகரத்துக்கும் றகரத்துக்கும் இருந்த ஒலி வேறுபாடு பெரும்பாலோர் வாயில் மறைந்துவிட்டதால் 'செவுரு'வும் 'கெணறு'வும் காதுக்கு ஒரே இனமாகிவிட்டன. ஆகவே 'கெணத்துல', 'வயித்துல' என்பதன் பக்கத்தில் 'செவுத்துல' போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் 'செவுத்துல'வை எழுத்துக்கு மாற்றுகிறபோது 'கெணத்துல – கிணற்றில்' என்ற அதே கணக்கைப் போட்டு 'சுவற்றில்' என்று எழுதிவிடுகிறார்கள்.

எழுத்தில் சுவரில், சுவரை, சுவருக்கு என்றே எழுதுவோம், ஏனென்றால் எழுத்தில் அந்தச் சொல் இன்னும் 'சுவர்'தான், 'சுவறு' இல்லை. ஆனால் ஒருவர் பேச்சில் 'செவுத்துல' என்றால் அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை.

கேள்வி: வாழ்த்துகள், வாழ்த்துக்கள் – எது சரி? இதைச் சொல்லிச் சொல்லியே நண்பர்கள் என் பிறந்தநாளைச் சண்டை ஆக்கிவிட்டார்கள்.

நான் 'வாழ்த்துகள்' என்று எழுதுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன், அப்புறம் அந்தக் காரணத்தின் பலவீனத்தையும் சொல்கிறேன்.

எட்டு + தொகை எட்டுத்தொகை ஆகிறது, எழுத்து + கலை எழுத்துக்கலை ஆகிறது. வல்லின ஒற்றையடுத்து வரும் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்ற விதி இது. தொகை, கலை எல்லாம் தனிச்சொற்கள். 'கள்' தனிச்சொல் இல்லை, பன்மையைக் காட்டும் விகுதி. அதனால் மிக வேண்டிய தேவை இல்லை, வாழ்த்துகள், எழுத்துகள், பாட்டுகள் என்று இயல்பாக எழுதலாம். இதுதான் வாதம்.

பலவீனம் என்னவென்றால், 'கள்' விகுதி சந்தியையே தொடாது என்று சொல்லிவிட முடியாது. சொல் + கள் 'சொற்கள்' ஆகிறது. கல் 'கற்கள்' ஆகிறது, பல் 'பற்கள்', முள் 'முட்கள்'. 'சொல்கள்' என்று எழுதுகிறவரை நான் பார்த்ததில்லை. அதே சமயம் கால் 'காற்கள்' ஆவதில்லை, விரல் 'விரற்கள்' ஆவதில்லை, தாள், தேள் எல்லாம் தாள்கள், தேள்கள்தான். ஆகத் தனிக்குறிலை அடுத்த ல், ள் மட்டும் 'கள்' முன்னால் திரிகின்றன, மற்ற இடங்களில் திரிவதில்லை. அந்தக் கணக்கில் பொருள்கள், நாள்கள் என்பவையே ஒழுங்கானவை. ஆனால் 'ஆள்கள்' என்று எழுதிப் பாருங்கள், கை நிற்கும். 'ஆட்கள்' என்றுதான் வரும். நாட்களும் அப்படியே நிலைத்துவிட்டது. 'எழுத்துக்கள்' என்ற வடிவமும் பழைய உரைநூல்களின் அச்சுப் பதிப்புகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

ஆகவே யாராவது 'வாழ்த்துக்கள்' என்று எழுதினால் நான் சிவப்பு மையை எடுப்பதில்லை. ஒருவர் அன்பாக அனுப்பிய வாழ்த்துக்குப் பதிலாக இலக்கணத் திருத்தம் அனுப்புவது எனக்குப் பிடிக்காத காரியம். நன்றி என்று சொல்லுங்கள், போதும்.

கேள்வி: ஒரு, ஓர் வேறுபாடு இன்னும் தேவையா?

எழுத்தில் வைத்துக்கொள்ளலாம், நல்லது. உயிரெழுத்துக்கு முன் ஓர் (ஓர் ஊர், ஓர் ஆண்டு), மற்றவற்றுக்கு முன் ஒரு. பேச்சில் யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம். 'ஓர் வீடு' என்று எழுதுவதைத்தான் தவிர்க்க வேண்டும். 'ஓர்' என்றால் இலக்கியமாக ஒலிக்கும் என்று நினைத்துச் சிலர் எல்லா இடத்திலும் போடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் 'அக்கா வந்துச்சு', 'அம்மா சொல்லுச்சு' என்போம். வெளியில் படிக்கப் போன இடத்தில், மனிதர்களை அஃறிணையில் சொல்கிறாயே என்று கேலி செய்கிறார்கள். நான் இதை விட்டுவிட வேண்டுமா?

விடாதீர்கள். பல வட்டாரங்களில் இது நெருக்கத்தின் அடையாளம். 'வந்தாள்' என்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது, 'வந்தார்' என்பது தள்ளி நிறுத்துகிறது, நடுவில் ஒரு வடிவம் வேண்டியிருக்கிறது, 'வந்துச்சு' அந்த இடத்தில் வந்து நிற்கிறது. 'பாப்பா தூங்குது' என்று எல்லாரும்தானே சொல்கிறோம், அங்கே யாரும் அஃறிணை என்று சண்டைக்கு வருவதில்லை.

இதற்கு நம் இலக்கண நூல்களில் ஒரு பெயரே இருக்கிறது: வழுவமைதி. பிழையில்லாமல் பேசுவது வழாநிலை, பிழைபடப் பேசுவது வழு, பார்வைக்குப் பிழைபோல் இருந்தாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இந்த மூன்றாவது அறை நம் இலக்கணத்தில் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பிழை சுட்டும்போது இரண்டு அறைதான் இருப்பதுபோலப் பேசுகிறார்கள். 'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே' என்கிறது நன்னூல். மகிழ்ச்சியிலும் கோபத்திலும்கூடத் திணையும் பாலும் மாறலாம், அது இயல்பு என்று ஓர் இலக்கண நூலே சொல்கிறது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொல்வதுதான் இதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. அங்கே அஃறிணை உயர்திணை ஆனது, உங்கள் அக்காவிடம் உயர்திணை அஃறிணை ஆகிறது; இரண்டுக்கும் அடியில் இருப்பது அன்பு ஒன்றுதான்.

காலத்துக்கும் இதே சலுகை உண்டு. கைப்பேசியில் 'எங்க இருக்க?' என்று கேட்டால், இன்னும் செருப்பைக்கூட மாட்டாதவர் 'இதோ வந்துட்டேன்' என்கிறார். வரப்போவதை வந்ததாகச் சொல்கிறார், காலம் தப்பு. ஆனால் தொல்காப்பியர் இதைக் கவனித்து வைத்திருக்கிறார். எதிர்காலத்தையும் நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தில் சொல்வது 'விரைந்த பொருள' என்கிறார், அதாவது விரைவைக் காட்டுவதற்கான வழக்கு. 'நாளைக்கு அவர் வருகிறார்' என்று நிகழ்காலத்தில் சொல்வதும் இந்த வகையே, வருவது உறுதி என்பதால் அப்படிச் சொல்கிறோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'அவர் வந்துச்சு' என்பது உங்கள் ஊரில் அன்பாக இருக்கலாம், வேறு வட்டாரத்தைச் சேர்ந்த பெரியவர் காதில் அவமதிப்பாக விழலாம். அவர் முன்னால் 'வந்தாங்க' என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பேச்சில் குறை இருப்பதால் இல்லை, கேட்பவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக.

கேள்வி: நீங்கள் எல்லாவற்றையும் 'மாற்றம், மாற்றம்' என்று அனுமதித்துக்கொண்டே போகிறீர்கள். இப்படியே போனால் மொழி அழிந்துவிடாதா? பிழையைப் பிழை என்று சொல்லாமல் விடுவதுதான் மொழிப்பற்றா?

உங்கள் கோபத்தில் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் இந்தக் கடிதத்தில் என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரே ஆள். ஒருவரைப் பன்மையில் சொல்வது 'வழக்கினாகிய உயர்சொற் கிளவி', அது 'இலக்கண மருங்கிற் சொல்லாறு அல்ல' என்பது தொல்காப்பியம். மக்கள் மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் இலக்கணப்படி அமைந்த நெறி அல்ல என்று சொல்லி நகர்கிறார். அன்று இலக்கணத்துக்கு வெளியே நின்ற அந்த வழக்கை இன்று மரியாதைப் பன்மை என்று பள்ளியிலேயே சொல்லித்தருகிறோம், அதைப் பின்பற்றாவிட்டால்தான் திட்டு விழுகிறது. பன்மையாக இருந்த 'நீர்' ஒருவருக்கான மரியாதைச் சொல்லாக இறங்கியது, பழகப் பழக அதன் மரியாதை தேய்ந்தது, அந்த இடத்துக்கு 'நீங்கள்' ஏறியது. ஆங்கிலத்தில் இதே ஏற்றம் இன்னும் முற்றிப்போய், ஒருமைக்கு இருந்த 'தௌ' வழக்கொழிந்து, பன்மையாக இருந்த 'யூ' மட்டும் எல்லாருக்கும் ஆகிவிட்டது.

'கள்' விகுதியையும் பாருங்கள். தொல்காப்பியத்தில் அது அஃறிணைப் பெயர்களோடு சேர்ந்து பன்மை காட்டுவது. மனிதர்களுக்கு வேறு விகுதிகள் இருந்தன. 'அவர்' என்பதே பன்மைதான், அதன் மேல் 'கள்' சேர்ப்பது பன்மை மேல் பன்மை. ஆனால் திருக்குறளிலேயே 'மற்றையவர்கள்' (263), 'பூரியர்கள்' (919) என்று வந்துவிட்டது. அன்று யாராவது இதைப் பிழை என்று குறித்திருந்தால் அவருக்கு ஆதாரமும் இருந்திருக்கும். இன்று 'அவர்கள்' இல்லாமல் நம்மால் ஒரு பத்தி எழுத முடியாது.

இதையெல்லாம்விட எனக்கு வியப்பாக இருப்பது நிகழ்காலம். 'படிக்கிறேன்', 'போகிறேன்' என்கிறோமே, அந்தக் 'கிறு', 'கின்று' இடைநிலைகள் சங்கப் பாடல்களில் காண்பதற்கே அரியவை. பிற்காலத்தில் மெல்லப் பரவின. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதும்போது 'ஆநின்று கின்று கிறு' என்று நிகழ்கால இடைநிலைகளைச் சூத்திரத்தில் அமைக்கிறார். அவர் முதலில் வழக்கைப் பார்த்தார், பிறகு விதி எழுதினார். 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையி னானே' என்று 462-ஆம் நூற்பாவில் எழுதியவரும் அவர்தான்.

உலகில் வேறெங்கும் இப்படி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் லத்தீன் பேசியவர்களின் பிழைகளைத் திருத்த ஒருவர் பட்டியல் போட்டார். 'அப்பெண்டிக்ஸ் ப்ரோபி' என்ற பெயரில் அது கிடைத்திருக்கிறது, 227 பதிவுகள், ஒவ்வொன்றும் 'இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே' என்ற அமைப்பில். காதுக்கு 'அவுரிஸ்' என்று சொல், 'ஒரிக்லா' என்று சொல்லாதே என்கிறது ஒரு வரி. மக்கள் 'ஒரிக்லா'வையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுதான் இத்தாலியத்தில் 'ஒரெக்கியோ', பிரெஞ்சில் 'ஒரேய்'. பட்டியல் போட்டவர் பெயர்கூட நமக்குத் தெரியாது, ஆனால் அவர் பிழை என்று குறித்துவைத்ததால்தான் அந்தக் காலத்து மக்கள் எப்படிப் பேசினார்கள் என்று இன்று தெரிகிறது.

சரி, அப்படியென்றால் பிழை என்று எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஒருவர் தடுமாறி, தான் சொல்ல நினைத்தது வேறு, சொன்னது வேறு என்று ஆனால் அது பிழை. எழுத்தில் பொருளை மாற்றிவிடும் கவனக்குறைவும் பிழை. 'வேலை கொடுத்தான்' என்பதற்கும் 'வேலைக் கொடுத்தான்' என்பதற்கும் நடுவே ஓர் ஒற்றுதான், ஆனால் முதலாவதில் பணி கிடைக்கிறது, இரண்டாவதில் முருகன் கைவேல் கிடைக்கிறது. இந்த மாதிரி இடங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், திருத்தியே தீருவேன். ஒரு சமூகமே தலைமுறை தலைமுறையாக ஒரே ஒழுங்கில் சொல்லிவரும் ஒன்றை இதோடு சேர்த்துப் பிழை என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

கேள்வி: எனக்கு ழகரம் வராது. மேடையில் பேசும் வாய்ப்பு வந்தால் இதற்காகவே மறுத்துவிடுகிறேன்.

தயவுசெய்து மறுக்காதீர்கள். முயன்று பாருங்கள்: நாக்கின் நுனியை உள்பக்கமாக வளைத்து மேலண்ணத்தை நோக்கிக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தி ஒலியுங்கள். தொட்டுவிட்டால் ளகரம், தொடாவிட்டால் ழகரம். பழகினால் பலருக்கு வந்துவிடும். வராவிட்டாலும் உங்கள் பேச்சில் சரக்கு இருந்தால் கூட்டம் கேட்கும்.

ழகரத்தை வைத்துக் கேலி செய்கிறவர்களில் எத்தனை பேர் மரத்தையும் மறத்தையும் வேறு வேறாக ஒலிக்கிறார்கள், நகரத்தையும் னகரத்தையும் பிரிக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அந்த வேறுபாடுகள் ஏறக்குறைய எல்லாருக்கும் போய்விட்டதால் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை, ழகரம் பாதிப் பேருக்கு இருந்து பாதிப் பேருக்கு இல்லாததால்தான் இந்தத் தொல்லை. பழைய கன்னடத்திலும் ழகரம் இருந்தது. இன்று அங்கே ஏழு 'ஏளு', தெலுங்கில் 'ஏடு'. மலையாளத்தில் ழகரம் நன்றாகவே இருக்கிறது. இருக்கும் வரை நாமும் காப்போம், எனக்கும் அந்த ஒலி மேல் தனி ஆசை உண்டு. ஆனால் ஒருவரை வாய் திறக்கவிடாமல் செய்து ஒலியைக் காக்க முடியாது.

கேள்வி: 'போன் பண்ணு', 'ட்ரை பண்ணு' என்று பேசுவது இலக்கணப் பிழைதானே?

இலக்கணப் பிழை இல்லை. அந்தச் சொற்றொடர்களில் இலக்கணம் முழுக்கத் தமிழாகவே இருக்கிறது. ஒரு பெயரோடு பண்ணு, செய் என்று சேர்த்து வினையாக்குவது நம் பழைய பழக்கம், 'யோசனை பண்ணு' மாதிரி. பஸ்ஸில், பஸ்ஸை, பஸ்ஸிலிருந்து என்று வேற்றுமை உருபுகளும் தடையில்லாமல் ஒட்டுகின்றன. தமிழ்ச்சொல் கைவசம் இருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொள்வேன், 'முயன்று பார்' என்பது அழகாக இருக்கிறது. ஆனால் அது சொல் தேர்வு பற்றிய பேச்சு.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறு ஒன்று. சொற்கள் எல்லாம் தமிழாக இருந்து, வாக்கியத்தின் எலும்பு மட்டும் ஆங்கிலமாக இருப்பது. 'அவர் ஒரு மருத்துவர்' என்கிறோம். அந்த 'ஒரு' எதற்கு? 'அவர் மருத்துவர்' போதுமே. 'போலீசார் விசாரிக்கிறார்கள்' என்று இரண்டு சொல்லில் முடிகிற செய்தி 'போலீசாரால் விசாரணை மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்று வருகிறது. முடிவு செய்தவர்கள் எல்லாரும் இப்போது முடிவு 'எடுக்கிறார்கள்'. வகுப்பு நடத்தியவர் வகுப்பு 'எடுக்கிறார்'. வினைச்சொற்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கிக்கொள்ள, அவை செய்த வேலையை எடு, மேற்கொள், நடத்து, படு என்ற நாலைந்து சொற்கள் பார்க்கின்றன.

'படு' போட்டு எழுதும் செயப்பாட்டு வினைக்குத் தமிழில் அவ்வளவு தேவையே கிடையாது. நாம் 'கதவு திறந்தது' என்கிறோம். கதவு தானாகத் திறக்கவில்லை, யாரோ திறந்தார்கள், ஆனாலும் அப்படித்தான் சொல்வோம். 'வேலை முடிந்தது', 'சட்டை கிழிந்தது' எல்லாம் இந்த வகை. செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்வதும் 'வழக்கியல் மரபே' என்று தொல்காப்பியம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 'திண்ணை மெழுகிற்று' என்பது உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு. யார் செய்தார் என்று சொல்ல விரும்பாதபோது தமிழ் வைத்திருக்கும் வழி இது. இதைத் தெரியாமல் 'கதவு திறக்கப்பட்டது' என்று எழுதுகிறோம், எழுதி எழுதி அதுதான் நல்ல தமிழ் என்று நம்பவும் ஆரம்பித்துவிட்டோம்.

இதுவும் மொழி மாற்றம்தானே, ஏன் இதை மட்டும் எதிர்க்கிறீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதுவும் ஒருநாள் நிலைத்துவிடலாம், அப்போது வரும் இலக்கணக்காரர் இதற்கும் விதி எழுதுவார். ஆனால் 'வந்துச்சு' பேசுகிறவர்களின் வாயிலிருந்து வளர்ந்தது. 'மேற்கொள்ளப்பட்டு வருகிறது' என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. அவசரமாக மொழிபெயர்த்த அறிக்கைகளிலிருந்து இறங்கி வந்தது அது. நான் எழுதும் பக்கத்தில் அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

கேள்வி: சில சொற்களுக்கு மட்டும் விரைவாகப் பதில் வேண்டும். ஏற்கனவே, இயக்குனர், முயற்சிக்கிறேன், ஒருவள், வந்துக் கொண்டிருந்தார், நினைவு கூறினார். இவை சரியா?

'ஏற்கெனவே' என்று எழுதுங்கள். 'இயக்குநர்', ஓட்டுநர் மாதிரி. 'முயல்கிறேன்' என்பதே நேரான வினை. முயல் என்ற வினையிலிருந்து முயற்சி என்ற பெயர் வந்தது, அந்தப் பெயரிலிருந்து மறுபடி வினை செய்துகொண்டதுதான் 'முயற்சிக்கிறேன்'. பரவிவிட்டது, பேச்சில் நான் கண்டுகொள்வதில்லை, எழுத்தில் 'முயல்கிறேன்' அல்லது 'முயற்சி செய்கிறேன்'. 'ஒருவன்' இருப்பதால் 'ஒருவள்' இருக்கும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் வடிவம் 'ஒருத்தி'.

'வந்துக் கொண்டிருந்தார்' என்பதில் ஒற்று வேண்டாம். 'படித்து', 'எடுத்து' மாதிரி வல்லின ஒற்றை அடுத்து உகரம் வந்தால் மிகும் (படித்துக்கொண்டிருந்தார்), 'வந்து', 'செய்து' போன்றவற்றுக்கு மிகாது. பேச்சில் 'வந்துக்கிட்டு', 'செஞ்சுக்கிட்டு' என்று எல்லா இடத்திலும் அழுத்திச் சொல்வதால் எழுதும்போதும் கை தானாக ஒற்றைப் போட்டுவிடுகிறது. எழுதி முடித்தபின் இந்த ஒன்றை மட்டும் ஒரு தடவை தேடிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

'நினைவு கூர்ந்தார்' என்பதே சரி. கூர்தல் என்றால் மிகுதல், நினைவு மிகுந்தது என்று பொருள். அவர் அந்த நினைவை வாய்விட்டுச் சொன்னார் என்றால் 'நினைவைக் கூறினார்' என்று ஐகாரத்தோடு எழுதிவிடுங்கள், குழப்பம் வராது.